கண் மின்னினால் அது பன்றி அல்ல

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டை, கலஹா, ரங்கலை, மடுல்கலைப் பக்கங்களில் மரக்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இரவு என்றால் தூக்கம் பாதி, காவல் பாதி. ஒரு பன்றிக் கூட்டம் வந்து போனால் விடியும்போது பாத்தியில் உழுத மண்தான் மிஞ்சும். மனம் வெறுத்தவர்களில் சிலர் தேயிலை ஓரத்தில் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். சிலர் துவக்கோடு இறங்குகிறார்கள். அடிபட்ட பன்றி அந்த இடத்திலேயே விழுவது அபூர்வம். அது புதருக்குள் பாய்ந்து, சரிவில் இறங்கி, எங்கோ ஓரிடத்தில் விழும். அதைத் தேடிப் போக எந்த டோர்ச் லைட் நல்லது என்ற பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது.

அந்தக் கேள்விக்கு லைட் கடைக்காரர் சொல்லாத ஒரு பதில் உண்டு. மான், மாடு, நாய், பூனை, சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இருட்டில் லைட் அடித்தால் அவற்றின் கண் பளிச்சென்று மின்னுவது அதனால்தான். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மனிதருக்கும் இல்லை.

தேயிலைச் செடிகளுக்கிடையே இரண்டு கண்கள் மின்னினால் அங்கே நிற்பது பன்றி அல்ல. அது அயல்வீட்டு நாயாக இருக்கலாம், அவிழ்ந்து வந்த பசுவாக இருக்கலாம், மரையாக இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம். எதுவும் மின்னாமல் கறுப்பாக ஏதோ அசைந்தால் அது பன்றியாக இருக்கலாம். தன் பாத்திக்குக் காவல் வந்து குனிந்திருக்கும் பக்கத்து லயத்துக்காரராகவும் இருக்கலாம். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய லைட்டானாலும் இந்தச் சந்தேகத்தைத் தூரத்திலிருந்து தீர்த்துவைக்காது. இரவு வேட்டையில் ஆள் மாறிச் சூடு விழுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கம்பிக்கு அந்தச் சந்தேகம்கூட வருவதில்லை. வழியில் வந்த எதையும் அது இறுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்‌ஷபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டம் ஒன்றின் பக்கத்தில் கட்டியிருந்த கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. மலையகத்தில் மிக அரிதாகவே கண்ணில் படும் விலங்கு அது. கம்பி கழுத்தை அறுத்திருந்தது. மயக்க ஊசி போட்டு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் 29 ஆம் திகதி இறந்துவிட்டது. கம்பி கட்டியவர் எதிர்பார்த்தது நிச்சயமாகச் சிறுத்தையை அல்ல. ஆனால் கம்பியில் சிக்கிய விலங்கு விடுபட இழுக்க இழுக்கச் சுருக்கு இன்னும் இறுகும். வயிற்றில் மாட்டினால் வெளியே சிறிய காயம்போலத் தெரியும், உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். 2021 முதல் ஓகஸ்ட் முதலாம் திகதி இங்கே சிறுத்தை தினமாகவும் கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டம் ஒரு பக்கம் நடக்க, கம்பியும் ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"பன்றியை அடிச்சா குத்தமில்லதானே?" என்று கேட்பவர்கள் பலர். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தைக்கும் மரைக்கும் தரும் பாதுகாப்பைக் காட்டுப்பன்றிக்குத் தரவில்லை என்பது சரிதான். அந்தச் சட்டம் 2009 இல் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை வைத்து மற்றதெல்லாம் கூடும் என்று நினைப்பதுதான் ஆபத்து. சரணாலய எல்லைக்குள் எந்தக் காட்டு விலங்கையும் வேட்டையாட முடியாது. 1938 இல் சரணாலயமான உடவத்தகலை கண்டி நகரின் நடுவிலேயே இருக்கிறது. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடு 1987 இலிருந்து சரணாலயம். நக்கிள்ஸ் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காடு. இவற்றின் ஓரத்தில் வசிக்கும் ஒருவருக்குத் தன் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பது இரவில் தெரியாமல் போகலாம். நீதிமன்றத்தில் அது பதிலாகாது.

அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு தனிக் குற்றம். பன்றிக்கென்று கட்டிய கம்பியில் சிறுத்தை செத்தால், 'பன்றிக்குத்தான் கட்டினேன்' என்ற சொல் ஒருவரையும் காப்பாற்றாது. டோர்ச் லைட் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் நள்ளிரவில் காட்டெல்லையில் லைட்டும் கம்பிச் சுருளும் கத்தியும் ஒரே பையில் இருந்தால் அந்தப் பை தானாகவே கதை சொல்லும்.

தேடிப் போகிறவருக்கு மற்ற ஆபத்துகளும் காத்திருக்கின்றன. இன்னொருவர் கட்டிவைத்த கட்டுத் துவக்கு நூல் தட்டினால் வெடிக்கும். அதில் அடிபடுவது பெரும்பாலும் முழங்காலும் அதற்குக் கீழேயும். தீனிக்குள் வைக்கும் 'ஹக்க பட்டஸ்' வெடி யானைகளின் வாயையே கிழித்திருக்கிறது. காயம்பட்ட ஆண் பன்றி புதருக்குள் கிடந்தபடி திரும்பிப் பாயும். இலைச் சருகோடு சருகாகக் கிடக்கும் குணகட்டுவா விரியன் தேயிலை மலைகளில் சாதாரணமாகக் காணப்படுவது. இங்குள்ள வைத்தியசாலைகளில் பயன்படும் இந்திய விஷமுறி மருந்து அதன் கடிக்கு உதவாது. 2024 இன் இறுதியில் நாட்டின் பண்ணைகளில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பரவியது. அது மனிதருக்குத் தொற்றாது என்றாலும், காட்டிறைச்சியின் கழிவைத் தன் வீட்டுப் பன்றிக்குப் போடுகிறவர் தன் தொழுவத்தையே பணயம் வைக்கிறார்.

அப்படியென்றால் மலையில் வாழ்கிறவருக்கு லைட்டே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கழிப்பறைக்குப் போக, பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டிவர, விடியுமுன் வேலைக்கு இறங்க, பாத்தி ஓரத்தில் நின்று சத்தம்போட்டுப் பன்றியை விரட்ட, எல்லாவற்றுக்கும் வேண்டும். அதை வாங்கும்போதுதான் பெட்டியில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் '1,000 மீற்றர்' என்று இருக்கும். லைட்டுகளை அளக்க உலகளவில் பயன்படும் எஃப்.எல்.1 தரத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரமே அதன் தூரம். அது ஏறக்குறைய நிலா வெளிச்ச அளவு. ஒளிக்கதிரின் செறிவைச் சொல்லும் அலகு கெண்டெலா; அந்தக் கணக்கில் 100 மீற்றருக்கு 2,500 கெண்டெலா போதும். 1,000 மீற்றருக்கு 2,50,000 கெண்டெலா வேண்டும். கெண்டெலா அளவே எழுதாத பெட்டி மீற்றரைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பத் தேவையில்லை. அதே தரத்தில் 'எரியும் நேரம்' என்பது வெளிச்சம் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். முழு வெளிச்சத்தில் எரியும் நேரமல்ல. 18650 வகை பற்றரியில் '9,900 எம்.ஏ.எச்.' என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுச் சிலிண்டருக்குள் பொதுவாகச் சுமார் 3,500தான் அடங்கும். அந்த ஒரு பற்றரியை வைத்து ஆயிரம் லூமன் வெளிச்சம் சுமார் ஒரு மணித்தியாலம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

'இரத்தத்தைக் காட்டும் லைட்' என்று சிவப்பும் நீலமும் கலந்த விளக்குகள் வெளிநாடுகளில் வேட்டைக்காரர்களுக்கு விற்கப்படுகின்றன, இணையம் வழியே இங்கும் வருகின்றன. இரத்தம் எந்த விளக்கிலும் தானாக ஒளிராது. புற ஊதா வெளிச்சத்தில்கூட அது கறுப்பாகத்தான் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும், சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம் அந்த விளக்குகளைவிடப் பயனுள்ளது. அந்த வெளிச்சத்தில்தான் சருகின் மேல் கிடக்கும் விரியனும் கண்ணில் படும். காலடியில் அகலமாக விழும் வெளிச்சம், மழையைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேற்பட்ட தரம், தலையில் கட்டினால் கை சும்மா இருக்கும் வசதி, இவ்வளவும் இருந்தால் போதும். ஒரு கிலோமீற்றர் தூரத்துக் கொப்பை எட்டிப் பார்ப்பதால் வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பெட்டியில் சொன்னது பொய்யென்றால் வழி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அந்தச் சீட்டையும் பெட்டியையும் எறியாமல் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். துரித இலக்கம் 1977.

கைதாகும் நிலை வந்தாலும் மனிதருக்கு உரிமை இல்லாமல் போவதில்லை. குற்றம் செய்யாதவரும் சந்தேகத்தில் அகப்படுவதுண்டு; தோட்டத்தில் இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும். பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தை விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். விளங்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவது பிறகு பெரிய தொல்லை. அடி, உதை, மிரட்டல் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வழக்குச் செலவுக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கண்டியிலும் இயங்குகிறது.

கொழுந்து பறிக்கும்போது சிறுத்தை பாய்ந்தோ பாம்பு தீண்டியோ காயம் வந்தால் அது வேலை நேரத்து விபத்து. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி தோட்ட நிர்வாகத்திடம் நட்டஈடு கேட்க இடமுண்டு. அன்றே தோட்ட அலுவலகப் பதிவில் எழுதச் செய்து, வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். இரவில் தன்னிச்சையாக வேட்டைக்குப் போன இடத்தில் வந்த காயத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

கம்பியில் விலங்கு சிக்கியிருப்பதைக் கண்டால் கிட்டே போகவேண்டாம், லைட்டை அதன் முகத்தில் அடிக்கவேண்டாம், ஊரைக் கூட்டவேண்டாம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்றைச் சூழ்ந்த கூட்டத்தில் பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள், சிறுத்தையும் அடித்துக் கொல்லப்பட்டது. பின்வாங்கி, தூரத்தில் நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு இடத்தைச் சொல்லுங்கள். ரந்தெனிகலவில் திணைக்களத்தின் மிருக வைத்தியப் பிரிவு இருக்கிறது. பாம்பு கடித்தவரைக் கயிறு கட்டாமல், கீறாமல் 1990 சுவசெரிய வண்டியில் ஏற்றுங்கள்; வெடிபட்டவரையும் அதிலேயே ஏற்றுங்கள். உங்கள் பாத்தி ஓரத்தில் நீங்களே கட்டிய கம்பி இன்னும் இருந்தால், நாளைப் பகல் வெளிச்சத்தில் போய்க் கழற்றிவிடுங்கள்.