வல்லரசுகளின் நடுவே ஆசியான்

யானையும் யானையும் பொருதினால் இடையில் நிற்கும் சருகுமான் மடியும் என்பது மலாய்ப் பழமொழி. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக் நகரில் கூடிய இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்கும் இவ்வச்சம் இருந்தது. அண்மையிலேயே வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா ஒருபுறமும், சோவியத் ஒன்றியமும் சீனாவும் மறுபுறமுமாக அப்போரில் தலையிட்டிருந்தன. அன்று தோன்றிய கூட்டமைப்பே ஆசியான்.

தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலைமையும் உடைய மண்டலமாதல் வேண்டும் என 1971 இல் கோலாலம்பூரில் இந்நாடுகள் அறிவித்தன. எனினும், அப்போதும் பிலிப்பைன்சில் அமெரிக்கப் படைத்தளங்கள் இருந்தன. சொல் வேறாகவும் நடப்பு வேறாகவும் இருந்த காலம் அது.

பனிப்போர் முடிந்தபின் ஆசியான் வேறு வழியைக் கைக்கொண்டது. வல்லரசுகளை விலக்குவதை விடுத்து, அனைவரையும் தன் அவைக்கு அழைத்தது. 1994 இல் ஆசியான் வட்டார மன்றமும், 2005 இல் கிழக்காசிய உச்சி மாநாடும் தொடங்கின. படைவலிமை கொண்டு பூசல்களைத் தீர்ப்பதில்லை என உறுதிகூறும் 1976 ஆம் ஆண்டின் நட்புறவு உடன்படிக்கையை ஏற்போர்க்கே உச்சி மாநாட்டில் இடம் உண்டு. இந்தியாவும் சீனாவும் 2003 இலும், அமெரிக்கா 2009 இலும் அதனை ஏற்றன. சிறிய நாடுகள் வகுத்த விதிக்குப் பெரிய நாடுகள் இசைந்தமை வியப்பிற்குரியதே.

ஆனால், ஆசியானின் முடிவுகள் அனைவரின் இசைவோடும் எடுக்கப்படுபவை; ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நிற்கும். 2012 இல் நாம்பென்னில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் இது வெளிப்பட்டது. தென்சீனக் கடலில் சீனாவுடன் நேர்ந்த பூசலைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்றன பிலிப்பைன்சும் வியட்நாமும். தலைமையேற்றிருந்த கம்போடியா மறுத்தது. சீனாவிடம் பெருமளவில் உதவி பெற்றுவந்த நாடு அது. 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கையின்றி மாநாடு முடிந்தது. இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நத்தலேகவா உடனே தலைநகர்தோறும் சென்று, சில நாள்களிலேயே ஆறு பொதுக்கொள்கைகளுக்கு இசைவு பெற்றார். 2016 இல் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் பிலிப்பைன்சின் பக்கம் தீர்ப்பளித்தபோதோ, அதே மாதம் வெளிவந்த ஆசியான் கூட்டறிக்கையில் அத்தீர்ப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரும்பான்மை முறைக்கு மாறினால் என்ன? தோற்ற நாடு விலகிச் செல்லக்கூடும். வல்லரசு ஒன்றின் துணையையும் நாடக்கூடும். சீனா இவ்வட்டாரத்தின் மிகப்பெரும் வணிகக் கூட்டாளி. பிலிப்பைன்சும் தாய்லாந்துமோ அமெரிக்காவின் உடன்படிக்கை நட்பு நாடுகள். எனவேதான் அனைவரின் இசைவு என்னும் விதி இன்றும் நீடிக்கிறது. 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்தே இணைந்ததும், இசைவு பெறவேண்டிய நாடுகள் 11 ஆயின.