ஸ்னோபோர்டு எப்படித் திரும்புகிறது?

ஒருவர் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போனால், வாடகைக் கடையில் முதலில் மயங்குவது பலகைமேல் தீட்டிய படத்தில். பார்க்கவேண்டியது அதன் இடுப்பு. ஸ்னோபோர்டின் நடுப்பகுதி இரு முனைகளைவிடக் குறுகல். பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் அந்த உள்வளைவு பனியில் வில்லாகப் பதியும். பலகை அந்தக் கோட்டிலேயே திரும்பும். இடுப்பு ரொம்பக் குறுகலானால் பூட்ஸ் நுனி வெளியே நீண்டு, சாயும்போது பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். ரொம்ப அகலமென்றால் விளிம்பு மாற்றுவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

ஆல்-மவுண்டன் என்பது எல்லாப் பனிக்குமான பலகையாம், உண்மையில் சமரசம்தான். பலகை காலடியில் மேல்நோக்கி வளைந்திருந்தால் இறுகிய பனியில் பிடி கிடைக்கும். மூக்கு நிமிர்ந்திருந்தால் 3,900 மீட்டரைத் தாண்டிய குல்மார்க்கின் அபர்வாட் சரிவின் புதுப்பனியில் புதையாமல் மிதக்கும். விறைப்பைத் தேர்ந்தெடுக்க உடல் எடையையும் பார்க்கவேண்டும்: ஐம்பது கிலோக்காரருக்கு வளைந்துகொடுக்காத பலகை, தொண்ணூறு கிலோக்காரரின் வேகத்தில் அதிராமல் ஓடும்.