கோளா, பழுப்புக் குள்ளனா? விண்மீனின் வயதில் இருக்கிறது விடை

இளம் விண்மீன்களைச் சுற்றும் பெருங்கோள்களை நேரடியாகப் படம் பிடிப்பது கடினம். படத்தில் பதிவானது கோள்தான் என்று உறுதி செய்வது அதைவிடக் கடினம். சுமார் 170 ஒளியாண்டு தொலைவில் உள்ள கப்பா ஆண்ட்ரோமெடே விண்மீனின் துணைப்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சூரியக் குடும்பத்தை வெளியிலிருந்து காண்பவருக்கு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் சூரியன் வியாழனைவிடச் சுமார் நூறு கோடி மடங்கு பிரகாசமாக இருக்கும். அந்த ஒளிவெள்ளத்தில் கோளைப் பிரித்தறிவது ஏறக்குறைய இயலாத செயல். ஆனால், அண்மையில் உருவான கோள்கள் பிறப்பின் வெப்பத்தை இன்னும் இழக்காததால் அகச்சிவப்புக் கதிர்களில் ஒளிர்கின்றன. எனவேதான் வானியலாளர்கள் இளம் விண்மீன்களைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஹவாயில் உள்ள ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி மூலம் கப்பா ஆண்ட்ரோமெடேவின் துணைப்பொருள் கண்டறியப்பட்டதாக 2012-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தொலைவில் உள்ள வேறொரு விண்மீன் தற்செயலாக அருகில் தெரிகிறதா என்ற ஐயத்தைப் போக்க, சில மாத இடைவெளியில் மீண்டும் படம் எடுக்கப்பட்டது. இரண்டும் வானில் ஒன்றாகவே நகர்ந்தது உறுதியானது.

எடைதான் சிக்கலானது. வியாழனைப் போல் சுமார் 13 மடங்கு நிறையைத் தாண்டும் பொருளின் உட்பகுதியில் டியூட்டீரியம் எரியத் தொடங்கும். அத்தகையவை பழுப்புக் குள்ளன்கள் எனப்படுகின்றன. சுமார் 75 மடங்கைத் தாண்டினால் ஹைட்ரஜன் எரிந்து முழு விண்மீனாகிவிடும்.

படத்தில் கிடைப்பதோ பிரகாசம் மட்டுமே. சற்று முன் அடுப்பிலிருந்து இறக்கிய சிறு பாத்திரமும், வெகுநேரம் முன்பு இறக்கிய பெரிய அண்டாவும் ஒரே சூட்டில் இருக்கலாம். அதுபோல, வயது தெரியாமல் நிறையைக் கூற முடியாது.

முதலில் அந்த விண்மீனின் வயது 3 கோடி ஆண்டுகள் எனக் கொள்ளப்பட்டதால், துணைப்பொருள் வியாழனைப் போல் சுமார் 13 மடங்கு நிறையுடைய கோளாகக் கருதப்பட்டது. மறு ஆண்டே மற்றொரு குழு, வயது சுமார் 22 கோடி ஆண்டுகள் என மதிப்பிட்டது. நிறை 50 மடங்காக உயர்ந்தது. கோள், பழுப்புக் குள்ளனாயிற்று. பின்னர், கலிபோர்னியாவின் வில்சன் மலையில் உள்ள 'சாரா' தொலைநோக்கித் தொகுதி, வேகமாகச் சுழலும் அந்த விண்மீனின் வடிவத்தையே அளந்தது. 2016-இல் வெளியான அம்முடிவின்படி வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். துணைப்பொருளின் நிறை சுமார் 22 மடங்கு.

வயதைச் சாராமல் எடை காணும் வழியும் உண்டு. கோளின் ஈர்ப்பால் விண்மீன் மிகச் சிறிதளவு தள்ளாடும். ஹிப்பார்கோஸ், கையா விண்கலங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் கோள் வியாழனைப் போல் சுமார் 11 மடங்கு நிறையுடையது என 2018-இல் இவ்வாறே கணிக்கப்பட்டது.