சுவரில் மலர்ந்த நஞ்சு

வாழும் இல்லத்தை அழகுபடுத்த வேண்டும் என்னும் விருப்பம் மனிதனோடு உடன்பிறந்ததாகும். முற்றத்திற் கோலமிடுதலும், வாயிலில் தோரணம் கட்டுதலும், பண்டிகை வருமுன் சுவருக்கு வெள்ளையடித்தலும் நம்மவர் வழக்கம். குளிர்மிகுந்த ஐரோப்பிய நாடுகளிலோ செல்வர்கள் தம் மாளிகைச் சுவர்களைச் சித்திரத் திரைகளாலும் பதப்படுத்திய தோலாலும் மூடினர். அத்துணைப் பொருட்செலவுக்கு ஆற்றாதோர் அவற்றின் சாயலைக் கடதாசியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாயினர். இங்ஙனம் தோன்றியதே சுவர்க்கடதாசி. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்துக் கல்லூரி ஒன்றிற் கண்டெடுக்கப்பட்ட கடதாசித் துண்டு ஏறத்தாழ 1509ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர்.

நெடுங்காலம் இக்கடதாசி கைவினைப் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு மர அச்சுக்கட்டை செதுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிக்க வேண்டியிருந்தது. 1712ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் இதன்மீது வரியும் விதித்தது. 1836இல் அவ்வரி நீங்கியது; 1839இல் லங்காசயர் பகுதியைச் சேர்ந்த பொற்றர் என்பவர், நீராவியால் இயங்கும் உருளை அச்சுப்பொறிக்கு உரிமை பெற்றார். விலை வீழ்ந்தது. 1834இல் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் சுருள்களாக இருந்த பிரித்தானிய உற்பத்தி, 1874இல் மூன்று கோடியைக் கடந்தது. கரிப்புகை சூழ்ந்த நகரத்துத் தொழிலாளியின் சிற்றறையிலும் இலையும் கொடியும் மலரும் படர்ந்தன.

அக்காலத்து மக்கள் பெரிதும் விரும்பிய நிறம் பச்சை. மெழுகுதிரி வெளிச்சத்திலும் மங்காத பச்சை நிறம் முன்னர் கிடைத்தற்கரியதாயிருந்தது. 1775இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்லெம் சீலே, செம்பையும் ஆசனிக்கையும் சேர்த்துப் புதிய பச்சைப் பொடி ஒன்றை ஆக்கினார். 1814இல் செருமனியின் சுவைன்பூட் நகரில் அதனினும் ஒளிமிக்க வேறொரு பச்சை பிறந்தது. அதிலும் ஆசனிக்கே முதன்மையான பொருள். செலவு குறைவு, ஒளி மிகுதி. வணிகருக்கு வேறென்ன வேண்டும்? ஆடையிலும், செயற்கைப் பூக்களிலும், விளையாட்டுப் பொருள்களிலும், சுவர்க்கடதாசியிலும் அப்பச்சை புகுந்தது.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1839இலேயே செருமானிய அறிஞர் லியோபோல்ட் குமெலின், ஈரம்படிந்த பச்சைக் கடதாசி அறைகளில் எலி நாற்றம் போன்ற ஒன்று எழுவதைக் குறிப்பிட்டு, அக்கடதாசிகளை அகற்றுமாறு செய்தித்தாள் வாயிலாக அறிவுறுத்தினார். 1862இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். முதலில் தொண்டை அடைப்பான் நோய் என்றே கருதப்பட்டது. பின்னர் அவ்வீட்டுப் பச்சைச் சுவர்க்கடதாசி பரிசோதிக்கப்பட்டபோது, அதில் ஆசனிக்கு மிகுதியாக இருந்தமை வெளிப்பட்டது.

ஆயினும், அழகை விற்போர் இதனை எளிதில் ஏற்கவில்லை. சுவர்க்கடதாசிக் கலையில் இன்றும் புகழ் மங்காத வில்லியம் மொரிஸ் என்பாரின் நிலை இதற்குச் சான்றாகும். உழைப்பாளரின் உரிமைக்காகப் பிற்காலத்திற் குரல்கொடுத்த அவருடைய குடும்பச் செல்வம், டெவன் மாவட்டத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றிலிருந்து வந்தது. அச்சுரங்கம் காலப்போக்கில் ஆசனிக்கையும் பேரளவில் விளைத்தது. 1875 வரை அதன் பணிப்பாளருள் ஒருவராகவும் மொரிஸ் விளங்கினார். 1885இல் எழுதிய கடிதமொன்றிலும், இவ்விடயத்தில் வைத்தியர்கள் கொண்ட அச்சத்தைச் சூனியக்காரிகளைத் தேடியலைந்த பழங்கால மருட்சிக்கே அவர் ஒப்பிட்டார். அவருடைய தொடக்ககாலக் கடதாசியொன்றின் பச்சையில் ஆசனிக்கு உண்டென்பதை 2003இல் ஆய்வாளர் உறுதிசெய்தனர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இரசாயனப் பேராசிரியர் ரொபேட் கெட்சி வேறொரு வழியைக் கைக்கொண்டார். 1874இல், நஞ்சூட்டப்பட்ட சுவர்க்கடதாசித் துண்டுகள் எண்பத்தாறைச் சேர்த்து நூலாகக் கட்டி, நூறு பிரதிகளை அம்மாநிலத்து நூலகங்களுக்கு அனுப்பினார். கண்டு தெளிக, கையாளுவதில் அவதானமாயிருக்க என்பது கருத்து. நூலே நஞ்சாயிருந்தமையால் பெரும்பாலான பிரதிகள் பின்னர் அழிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பன மிகச் சிலவே.

சுவரிலே கிடக்கும் நஞ்சு மனிதனின் உடலை அடைவது எவ்வாறு? கடதாசி உலர்ந்து தேயும்போது நிறப்பொடி உதிர்ந்து, மூச்சோடும் உணவோடும் உட்செல்லும் என்பது ஒரு விளக்கம். மற்றொன்றை 1890களில் இத்தாலிய வைத்தியர் பார்த்தலோமியோ கோசியோ கண்டார். ஈரச்சுவரில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம், ஆசனிக்கை உள்ளிப்பூண்டு மணமுடைய வாயுவாக மாற்றியது. அவ்வாயு யாதென்பதை 1930களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் பிரெடரிக் சலஞ்சர் தெளிவாக்கினார். அவ்வாயு முன்னர் நினைத்த அளவுக்குக் கொடியதன்று என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு. எனவே, உதிர்ந்த தூசியே பெருங்கேட்டை விளைத்திருத்தல் கூடும்.

வானொலி நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1821இல் செயின்ற் ஹெலனாத் தீவில் இறந்த நெப்போலியனின் தலைமயிரில் ஆசனிக்குக் காணப்பட்டது. அவன் வசித்த வீட்டின் சுவர்க்கடதாசி எந்நிறத்தது என்று டேவிட் யோன்ஸ் என்னும் இரசாயன அறிஞர் 1980இல் பிரித்தானிய வானொலி நிகழ்ச்சியொன்றில் வினவினார். அதனைக் கேட்ட பெண்மணி ஒருவர், தம் குடும்பத்துப் பழைய ஏட்டில் ஒட்டப்பட்டிருந்த அக்கடதாசித் துண்டையே அவருக்குக் கிடைக்கச் செய்தார். பச்சையும் பொன்னிறமும் கலந்த விண்மீன் வடிவம் கொண்ட அதில் ஆசனிக்கு இருந்தது. எனினும், அப்பேரரசனின் சாவுக்கு வயிற்று நோயே காரணம் என்பதே பெரும்பாலோர் துணிபு.

பிரித்தானியாவில் இந்நஞ்சு சட்டத்தால் ஒழிந்ததன்று. சுவர்க்கடதாசியில் ஆசனிக்கைத் தடைசெய்யும் சட்டம் அங்கு இயற்றப்படவேயில்லை. வைத்தியர் எழுதினர், செய்தித்தாள்கள் எடுத்துரைத்தன, இல்லத்தரசியர் கடைக்காரரைக் கேள்வி கேட்கலாயினர். நஞ்சற்ற கடதாசி என்று விளம்பரம் செய்தாலன்றி விற்பனையாகாது என்னும் நிலை தோன்றவே, மொரிஸின் நிறுவனம் உட்பட யாவரும் நிறத்தை மாற்றினர்.

இன்றைய சுவர்க்கடதாசியில் அப்பச்சை இல்லை. ஆயினும் ஈரமும் பூஞ்சணமும் இருக்கவே செய்கின்றன. நம் நாடு போன்ற ஈரப்பதன் மிக்க இடங்களில், கசிவுள்ள சுவரில் ஒட்டிய கடதாசியின் பின்புறம் பூஞ்சணம் மறைந்து வளரும். நீர் புகாத வைனைல் கடதாசியாயின் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் வழியில்லை. ஆதலால் முதலிற் கசிவை அடைத்து, சுவரை நன்கு உலரவிட்டு, பழைய படைகளை அகற்றிய பின்னரே ஒட்டுதல் வேண்டும். மேலைநாடுகளிற் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் நம்மவர், பழங்கடதாசியை உலர்வாகச் சுரண்டாது நனைத்தே அகற்றுவது நலம். ஈரம் ஓயாத சுவருக்குச் சுண்ணாம்பே தக்கது. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. சுவருக்கு அழகு தேடுவோர், அது எதனால் ஆயது என்பதையும் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.