ஆறு திரும்பி ஓடும், மீன் பழம் தின்னும்... தெரியுமா?

ஆறு நாடுகளைத் தொட்டு ஓடும் ஆறு மீகாங். திபெத் பீடபூமியின் பனிமலையில் பிறந்து, 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வியட்நாமில் கடலில் கலக்கிறது. அதில் இதுவரை தெரியவந்த மீன் வகைகள் 1,100க்கும் அதிகம்! ஆற்று மீன் வளத்தில் அமேசான், காங்கோ ஆறுகளோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுவது மீகாங். அதன் அதிசயங்களில் சில இதோ.

ஆண்டுக்கொரு முறை திசை மாறும் ஆறு உண்டு, தெரியுமா?

கம்போடியாவின் நடுவே டோன்லே சாப் என்றொரு ஏரி. அதே பெயரில் ஓர் ஆறு அதிலிருந்து கிளம்பி, தலைநகர் நோம் பென்னில் மீகாங்கோடு சேர்கிறது. கோடையில் ஏரித் தண்ணீர் மீகாங்குக்கு வடியும். ஜூன் வாக்கில் மழை பிடித்தால் மீகாங் பொங்கி, ஏரியின் மட்டத்தையும் தாண்டிவிடும். அவ்வளவுதான், டோன்லே சாப் ஆறு திரும்பி ஏரியைப் பார்த்து ஓடத் தொடங்கும்! அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வடிந்ததும் பழைய திசைக்கே வந்துவிடும். நவம்பர் பௌர்ணமியை ஒட்டி, படகுப் போட்டிகளோடு இதை நீர்த் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

சில மாதங்களில் ஐந்தாறு மடங்கு பெருகும் ஏரி தெரியுமா?

கோடையில் டோன்லே சாப் ஏரியின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ஆழமோ இடுப்பளவுதான். நல்ல மழைக்காலத்தில் அது 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரியும், 9 மீட்டர் ஆழம் போகும். கரையிலிருக்கும் காடு அப்படியே முழுகிவிடும். மரங்கள் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். குருவி உட்கார்ந்த கிளையில் மீன் மேயும்! இலை, பழம், பூச்சி, பாசி எல்லாமே மீனுக்குத் தீனி. அங்கோர் பகுதியின் பேயோன் கோயில் சுவரில் 800 ஆண்டுகளுக்கு முன்பே சிற்பிகள் மீன் கூட்டங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நீந்தத் தெரியாத குஞ்சுகள் ஊர் போய்ச் சேர்வது எப்படி, தெரியுமா?

முதல் மழையில் தாய் மீன்கள் வடக்கே கம்போடியாவின் கிராட்டி, ஸ்டங் டிரெங் பகுதிகளில் முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சுகள் வெள்ளத்தோடு மிதந்து நோம் பென் வருகின்றன. அதற்குள் டோன்லே சாப் ஆறு திசை மாறியிருக்கும். அந்த ஓட்டமே குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய், தீனி நிறைந்த வெள்ளக் காட்டில் விட்டுவிடும். ஆறு திரும்பத் தாமதித்தால் அந்த ஆண்டு மீனும் குறையும்!

பழம் தின்று போதையேறும் மீன் தெரியுமா?

சித்த மருத்துவத்தில் பேர்போன நீரடிமுத்துக்கு உறவுக்கார மரங்கள் இந்தக் காடுகளில் உண்டு. அவற்றின் நச்சுப் பழம் தண்ணீரில் விழுந்தால் லெப்டோபார்பஸ் என்ற கெண்டை ஆசையாக விழுங்கும். பிறகு கிறுக்குப் பிடித்ததுபோல் தள்ளாடும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துக் குழம்பு வைத்தவர் பாடும் திண்டாட்டம்தான்!

நிலாவைப் பார்த்து வலை போடுவார்கள், தெரியுமா?

ஏரி வடியும்போது ‘டிரே ரியல்’ என்ற விரல் நீள வெள்ளி நிறக் கெண்டைகள் கோடிக்கணக்கில் ஆற்றில் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்களில்தான் உச்சக் கூட்டம். ஆற்றின் குறுக்கே வரிசையாக மாபெரும் பை வலைகள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் 100 மீட்டருக்கு மேல் நீளம், வாய் மட்டும் சுமார் 25 மீட்டர். வால் முனையைத் தூக்கி அவிழ்த்தால் படகு நிறைய வெள்ளி கொட்டும். தலையைக் கிள்ளி, மிதித்து அலசி, உப்பிட்டுப் புளிக்க வைத்தால் அதுதான் ‘பிராஹோக்’. அது இல்லாத கம்போடியச் சமையலறையைக் காண்பது அரிது.

300 கிலோ மீன் தெரியுமா?

2022 ஜூனில் ஸ்டங் டிரெங் அருகே ஒரு மீனவரின் தூண்டிலில் திருக்கை ஒன்று சிக்கியது. எடை 300 கிலோ, நீளம் ஏறத்தாழ 4 மீட்டர்! பிடிபட்டதாகப் பதிவான நன்னீர் மீன்களில் உலகிலேயே மிகப் பெரியது அதுதான். ‘போராமி’ என்று பெயரிட்டு, குறிப்பான் பொருத்தி, ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய சாதனையும் மீகாங்குக்கே சொந்தம். 2005இல் தாய்லாந்தில் பிடிபட்ட 293 கிலோ ராட்சதக் கெளுத்தி அது. அத்தனை பெரிய உடம்புக்குப் பல்லே கிடையாது. வளர்ந்தபின் அது உண்பது பெரும்பாலும் பாசி!

கடலிலிருந்து மலையேறும் கெளுத்தி தெரியுமா?

பங்காசியஸ் கிரெம்பி என்ற கெளுத்தி, உப்புநீரில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. கடலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு, லாவோஸ் எல்லையிலுள்ள கோன் அருவிவரை வந்துவிடும்.

எல்லா மீனும் இப்படிப் பயணம் போவதில்லை. பயணம் போகிறவை ‘வெள்ளை மீன்’, குட்டையிலேயே கிடப்பவை ‘கறுப்பு மீன்’ என்று அங்கே பிரித்துச் சொல்வார்கள். நமக்குப் பழக்கமான விராலும் பனையேறிக் கெண்டையும் கறுப்பு மீன் கூட்டம். குட்டை வற்றினாலும் காற்றைச் சுவாசித்துச் சமாளிக்கும்.

உங்கள் தட்டில் மீகாங் இருந்திருக்கலாம், தெரியுமா?

நம்மூர் ஓட்டல்களில் முள்ளில்லாத ‘பாசா’ என்று வருகிறதே, அந்தக் கெளுத்தியின் பூர்வீகம் மீகாங் பக்கம்தான். வியட்நாம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் பண்ணைகளில் வளர்க்கிறது. ஆந்திராவிலும் ஏராளமான பண்ணைகள் உண்டு. பண்ணையில் இப்படிக் குவியும் கோடுக் கெளுத்தி இனம், ஆற்றில் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது!

காரணம், மேலே எழும்பும் அணைகள், அளவு மீறிய மீன்பிடி, காலம் தப்பும் மழை. பயணப்படும் மீனுக்கு அணை சுவராக நிற்கிறது. மழைக்கால வெள்ளத்தை அணை பிடித்து வைத்தால் ஏரி விரியாது, காடு முழுகாது. மீகாங்கின் பிரதான ஓட்டத்தில் 10 ஆண்டுகளுக்குப் புதிய அணை கட்டுவதில்லை என்று 2020இல் கம்போடியா அறிவித்தது. ஆனால் ஆறு ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. மேலே இருப்பவர்களும் மனம் வைத்தால்தான் இந்த ஆயிரத்து நூறு வகை மீன்களும் பிழைக்கும். வெள்ளம் வருவதுதான் அங்கே வாழ்வு. வராமல் போவதுதான் பேரிடர்.