ஆடும் வண்டியை அடக்குவது எப்படி?

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு வீடே ஓடுகிறது! படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கொண்ட இந்தச் சக்கர வீட்டிற்குப் பயண டிரெய்லர் என்று பெயர். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு இதை இழுத்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்வது அங்கே பழக்கம். வாலி பையாம் என்பவர் 1936-இல் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் அலுமினிய டிரெய்லர் இவற்றுள் புகழ்பெற்றது.

காரின் பின்புறத்தில் ஏறத்தாழ 5 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் எஃகுப் பந்து இருக்கும். டிரெய்லரின் ஏர்க்கால் நுனியில் உள்ள கிண்ணம் அந்தப் பந்தைக் கவ்விக்கொள்ளும். வளைவுகளில் திரும்புவதற்கு இந்த இணைப்பு மிக வசதியானது. ஆனால், திரும்ப முடிந்த பொருளால் ஆடவும் முடியும் அல்லவா? ஒரு பெரிய லாரி வேகமாகக் கடந்து செல்கிறது. அது தள்ளும் காற்று டிரெய்லரின் பக்கச் சுவரில் மோதுகிறது. டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆட்டங்களில் அது அடங்கிவிடும். சில வேளைகளில் அடங்குவதற்குப் பதிலாக வளர்கிறது. அப்போது காரும் டிரெய்லரும் சேர்ந்தே கவிழ நேரிடும். ஒன்று அடங்குவதும் மற்றொன்று வளர்வதும் ஏன்?

வேகம் செய்யும் கெடுதல்

டிரெய்லர் ஒரு பக்கம் திரும்பியதும் அதன் டயர்கள் சற்றுக் கோணலாக உருளுகின்றன. கோணலாக உருளும் டயரைச் சாலை பக்கவாட்டில் தள்ளி, மீண்டும் நேராக்குகிறது. ஊசற்குண்டை நடுவுக்கு இழுக்கும் விசையைப் போன்றது இது. ஊசல் நடுவுக்கு வந்ததும் நின்றுவிடுவதில்லை, மறுபக்கம் போகிறது. டிரெய்லரும் அப்படித்தான். ஆட்டத்தின் ஆற்றலை ஏதேனும் ஒன்று குறைத்தால்தான் அது அடங்கும். இதைத் தணிப்பு என்பர்.

தணிப்பைத் தருவதும் டயர்களே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் டயர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்வதாகக் கொள்வோம். வண்டி வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சென்றால், டயரின் பாதை 10-க்கு 1 என்ற அளவில் சாய்கிறது. வண்டி வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் சென்றால், சாய்வு 30-க்கு 1 தான். சாய்வு மூன்றில் ஒரு பங்காகும்போது தணிக்கும் விசையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதோடு நிற்கவில்லை. ஆடும் டிரெய்லர் காரின் பின்பகுதியையும் இங்குமங்கும் இழுக்கிறது. கார் அசைய, அந்த அசைவு மறுபடியும் டிரெய்லரை ஆட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல், வண்டியின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்தே ஆட்டம் ஆற்றலை எடுத்துக்கொண்டு வளரத் தொடங்கும். இதனை மாறுநிலை வேகம் எனலாம். டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குத் தனி வேக வரம்பு வைத்திருப்பதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். கலிபோர்னியாவில் அது மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ.

முன்பாரமும் பின்பாரமும்

மாறுநிலை வேகம் எல்லா வண்டிகளுக்கும் ஒன்றல்ல. அதைப் பெரிதும் மாற்றுவது சுமை ஏற்றும் முறை. முன்பாரம், பின்பாரம் பார்த்து மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறார்களே, அதே கவனம் இங்கும் வேண்டும். டிரெய்லரின் ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்போது எடையில் ஒரு பகுதி ஏர்க்கால் வழியாகக் காரின் பந்தை அழுத்தும். இந்த அழுத்தம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம்.

உங்கள் பாடத்தில் வரும் திருப்புத்திறனை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். 2000 கிலோ எடையுள்ள டிரெய்லர். பந்திலிருந்து அச்சு 4 மீட்டர் தொலைவில் உள்ளது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால். பந்தின் மேல் விழும் சுமை 2000 × 0.5 ÷ 4 = 250 கிலோ. இது 12.5 விழுக்காடு, நல்ல நிலை. இப்போது அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்த 100 கிலோ சாமானை எடுத்து, அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வையுங்கள். பந்தின் மேல் உள்ள சுமை 100 × 3 ÷ 4 = 75 கிலோ குறைந்து, 175 கிலோவாகிறது. 12.5 விழுக்காடு 8.75 ஆகிவிட்டது! டிரெய்லரில் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஆயினும் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிட்டோம்.

முன்னும் பின்னும் சமமாகப் பிரித்துக் கனமான பொருள்களைக் கோடிகளில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் தவறு. ஒரு நீண்ட கழியின் இரு முனைகளிலும் கல் கட்டி, நடுவில் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு அதே கற்களை நடுவில் கட்டித் திருப்புங்கள். முனைகளில் கல் இருக்கும்போது திருப்புவதும் கடினம். திரும்பியதை நிறுத்துவதும் கடினம். எனவே கனமானவை அச்சுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

உராய்வுப் பட்டையின் வேலை

ஆட்டத்தைக் குறைக்க ஒரு கருவி உண்டு. ஏர்க்காலின் பக்கத்தில், பந்து இணைப்பையும் ஏர்க்காலையும் சேர்த்து ஒரு நீண்ட எஃகுப் பட்டையைப் பொருத்துவார்கள். டிரெய்லர் திரும்பும்போது இந்தப் பட்டை ஓர் உறைக்குள் நுழைந்தும் வெளிவந்தும் சரியும். உறைக்குள் பிரேக் கட்டை போன்ற தகடுகள் பட்டையை நெருக்குகின்றன. உராய்வினால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

இக்கருவிகள் பலவற்றில் உள்ள கைப்பிடி, நெருக்கத்தைப் பூட்டுவதற்கும் விடுவிப்பதற்கும் மட்டுமே. எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதைத் தனியாக உள்ள போல்ட்டே தீர்மானிக்கிறது. அதைச் சிறிது திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மேலும் சிறிது திருப்ப வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவு முடிந்த பின்னும் வண்டி எளிதில் நேராகாது. மழையோ பனியோ பெய்து சாலை வழுக்கும்போது இது ஆபத்து. ஆகவே அப்போது நெருக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். வண்டியைப் பின்னோக்கி ஓட்டும் முன் பட்டையைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கூர்மையாகத் திரும்புகையில் அது வளைந்துவிடும். தகடுகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போல்ட்டை இன்னும் இறுக்கினால் எந்த ஆட்டத்தையும் அடக்கிவிடலாமா? முடியாது. ஆட்டத்தின் அகலம் இரு மடங்கானால், பட்டை சரியும் தூரமும் இரு மடங்காகும். உராய்வு விழுங்கும் ஆற்றலும் இரு மடங்குதான். ஆனால் ஆட்டத்திலுள்ள ஆற்றலோ நான்கு மடங்காகிறது! சிறு ஆட்டத்தை உராய்வு வெல்லும். மாறுநிலை வேகத்தைத் தாண்டி வளர்ந்த ஆட்டத்தின் முன் தோற்றுவிடும். பின்பாரம் ஏற்றிய டிரெய்லரில் பட்டையை இறுக்கினால், சிறு ஆட்டங்கள் மறைந்துபோகும். சிறு ஆட்டம்தான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதை மறைத்துவிட்டு அவர் நிம்மதியாக வேகத்தைக் கூட்டினால், அடுத்து வருவது பேராட்டமாக இருக்கலாம். எனவே முதலில் சுமையைச் சரிசெய். அடுத்து வேகத்தைக் குறை. அதன் பிறகே போல்ட்டைத் தொடு என்பதுதான் சரியான வரிசை.

ஆடத் தொடங்கிவிட்டால்?

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தை எதிர்க்கக் கூடாது. ஆட்டம் விரைவாக மாறுவதால் அவருடைய கை எப்போதும் சற்றுப் பிந்தியே திரும்பும். தவறான நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளுவது போல, அது ஆட்டத்தை வளர்த்துவிடும். கார் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கூடாது. கார் வேகம் குறையும்போது, டிரெய்லர் தன் நிலைமத்தால் அதைப் பின்னிருந்து தள்ளும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும். டிரெய்லருக்கு மட்டும் தனி மின்பிரேக் இருந்தால், அதைக் கையால் மெல்ல இயக்க வேண்டும். பின்னுள்ளது இழுத்துப் பிடிக்க, முன்னுள்ளது ஓட, இழுத்த கயிறு போல இரண்டும் நேராகிவிடும்.

இன்றைய கார்கள் பலவற்றில், ஆட்டத்தை உணர்ந்து இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் மாற்றி மாற்றித் தாமே பிரேக் பிடிக்கும் மின்னணு அமைப்பு இருக்கிறது. மனிதக் கை பிந்தும் இடத்தில் அது பிந்துவதில்லை. ஆனால் அதனாலும் 100 கிலோ சாமானைப் பின்னாலிருந்து முன்னால் எடுத்து வைக்க முடியாது. அது, புறப்படும் முன் மனிதர் செய்ய வேண்டிய வேலை.