தடையின் முன் நின்றுவிடும் இளங்குதிரை

குதிரையேற்றம் ஒரு காலத்தில் படைவீரர்க்கும் செல்வர்க்குமே உரியதாக இருந்தது. இன்று நிலைமை அதுவன்று. டில்லி, ஜெய்ப்பூர், மீரத், புனே, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் சவாரிக் கழகங்களின் வழியாகவோ, தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவுகள் வழியாகவோ இக்கலையைப் பயிலும் வாய்ப்பு இருக்கிறது. அப்பிள்ளைகளின் முதல் போட்டியைக் காணச் செல்லும் பெற்றோரைத் திகைக்க வைக்கும் காட்சி ஒன்று உண்டு. நன்றாக ஓடிவந்த குதிரை தடையின் முன் சட்டென்று நின்றுவிடுகிறது. ஏறியிருந்த பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. சில வேளை மண்ணிலும் விழுகிறது. "பிடிவாதக் குதிரை, இரண்டு அடி கொடு" என்று கூட்டத்தில் எவரேனும் சொல்வர். அந்த அறிவுரை சரியானதுதானா என்பதையே இங்கே ஆராய்வோம்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். 1921-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிகளின்படி, கட்டையைத் தட்டி வீழ்த்தினால் 4 குற்றப்புள்ளிகள். தடையின் முன் நின்றாலும், பக்கவாட்டில் விலகி ஓடினாலும் முதன்முறைக்கு 4 புள்ளிகள். இரண்டாம் முறை அவ்வாறு நேர்ந்தால் போட்டியிலிருந்து நீக்கம். குதிரையோ வீரரோ கீழே விழுந்தாலும் நீக்கமே. உள்ளூர்ப் புதுமுகப் போட்டிகளில் இவ்விதிகள் சற்றுத் தளர்ந்திருப்பதும் உண்டு. விதிப்புத்தகம் குதிரையின் மறுப்பைக் கீழ்ப்படியாமை என்றே குறிக்கிறது. புள்ளி போடுவதற்கு அச்சொல் போதும். காரணத்தை அறிவதற்குப் போதாது.

குதிரையின் கண்ணமைப்பு நம்முடையதன்று. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதையும் அது காண்கிறது. ஆயின் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதி அதற்குத் தெரிவதில்லை. தாவப்போகும் கணத்தில் தடை அந்த மறைவுக்குள் சென்றுவிடுகிறது; சற்று முன் கண்டதை நம்பியே குதிரை தாவுகிறது. தடையை நன்கு பார்த்து அளவிட அது தலையை உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். அந்நேரத்தில் லகானை இறுக்கிப் பிடிப்பவர், தாம் அறியாமலே அதன் பார்வையைக் கெடுக்கிறார்.

நிறங்களிலும் வேற்றுமை உண்டு. நமக்குப் பளிச்சென்று தோன்றும் ஆரஞ்சு நிறம் குதிரைக்குப் புல்லின் நிறத்தினின்று எளிதாகப் பிரிந்து தெரிவதில்லை. இதனை ஆராய்ந்தறிந்த பின்னரே, 2022-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பந்தயத் திடல்களில் தடைகளின் ஆரஞ்சுப் பகுதிகளை வெண்ணிறமாக மாற்றத் தொடங்கினர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. போட்டிக்கு முன் வீரர் தடைகளினூடே நடந்து சென்று இடைவெளியை அளந்து பார்க்கலாம். குதிரைக்கு அந்த உரிமை இல்லை. நிழல், பூந்தொட்டி, விளம்பரப் பலகை யாவற்றையும் அது ஓட்டத்திலேயே முதன்முறையாகச் சந்திக்கிறது. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஒரு தடையருகே சுமோ மல்லர் ஒருவரின் ஆளுயர உருவம் வைக்கப்பட்டிருந்தது. குதிரைகள் அதைக் கண்டு மிரண்டதாக அனுபவம் மிக்க வீரர்களே கூறினர். தேர்ந்த குதிரைகளின் கதி அதுவெனில், நான்கைந்து வயது இளங்குதிரை மிரள்வதில் வியப்பென்ன?

காரணங்களுள் முதலில் தேட வேண்டியது வலி. முதுகில் பொருந்தாத சேணம், கூரிய பல்லின் மேல் அழுத்தும் கடிவாளம், லாடம் அடித்ததில் நேர்ந்த பிழை, கால் மூட்டு வீக்கம், வயிற்றுப் புண் ஆகிய எதுவும் குதிரையை நிறுத்தலாம். தாவி இறங்கும்போது முன்கால்கள் தாங்கும் பாரம் பெரிது. ஒருமுறை வலித்தால் மறுமுறை அது தயங்கும். ஸூ டைசன் என்னும் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஆள் ஏறிய நிலையில் வலியைக் காட்டக்கூடிய 24 நடத்தைகளை 2018-ல் தொகுத்து வெளியிட்டனர். காதுகளைப் பின்னுக்கு மடித்தல், வாலைச் சுழற்றுதல், வாயைத் திறந்துகொண்டே இருத்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். எட்டோ அதற்கு மேலோ ஒருங்கே காணப்பட்டால் மருத்துவரை நாடவேண்டும் என்பது அதன் சாரம். பிடிவாதம் என்று நாம் பெயர் சூட்டும் பலவும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது.

வலி இல்லை என்று உறுதியான பின் ஏறியவரைக் கவனிக்க வேண்டும். தடைக்கு அருகில் வந்ததும் கீழே குனிந்து பார்ப்பவர் உண்டு. குதிரை தாவுமுன்பே முன்னால் சாய்ந்து, அதன் தோள்களில் பாரத்தை ஏற்றுபவர் உண்டு. தாவும்போது லகானைப் பிடித்து இழுத்து, அதன் வாயில் நோவு உண்டாக்குபவரும் உண்டு. குதிரை நன்கு தாவிய கணத்திலேயே தண்டனை பெறுகிறது. அடுத்த முறை தாவ மறுப்பதே அதற்கு நியாயமாகத் தோன்றும். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெதரீகோ காப்ரில்லி (1868–1907) செய்த சீர்திருத்தம் இதற்காகவே எழுந்தது. அதற்கு முன் வீரர்கள் தாவும்போது பின்னால் சாய்ந்து லகானை இழுப்பர். குதிரையின் இயக்கத்தோடு உடலை முன்னே செலுத்தி, கைகளைத் தளர்த்தி, கழுத்துக்கு விடுதலை கொடுக்க அவர் கற்பித்தார். உலகமெங்கும் இன்று பயிலப்படும் முறை அதிலிருந்து வளர்ந்ததே.

மூன்றாவது காரணம் அவசரம். குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஐந்தாறு வயது ஆகும். அதற்கு முன் பெருந்தடைகளை அடிக்கடி தாண்டச் செய்தால் உடலும் சோரும், துணிவும் குன்றும். இடைவெளியும் முக்கியம். நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவின் நீளம் சுமார் 12 அடி. இரு தடைகளுக்கிடையே ஒரு தாவு வைக்க வேண்டுமாயின் இறங்க 6 அடியும், தாவுக்கு 12 அடியும், மீண்டும் எழும்ப 6 அடியுமாக 24 அடி வேண்டும். உருவில் சிறிய குதிரைக்குத் தாவு குறுகும். பெரிய குதிரைக்கு அளந்து வைத்த இடைவெளியில் சிறியது இரண்டாம் தடையின் முன் வசதியில்லாத இடத்தில் வந்து சேரும். அங்கே நிற்பது கோழைத்தனமன்று, விவேகம்.

போட்டியில் குதிரை நின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது? அது தடையைப் பார்த்தபடியே ஓரிரு விநாடி நேராக நிற்கட்டும். உடனே திரும்பி ஓட விடலாகாது. பின் அமைதியாகத் திருப்பி, போதிய தூரம் சென்று, வேகத்தைக் கூட்டாமல், ஒழுங்கான நடையில், தடையின் நடுவை நோக்கி வரவேண்டும். பார்வை தடைக்கு அப்பால் இருக்கவேண்டும். கால்கள் குதிரையின் விலாவை உறுதியாக அணைக்க, கைகள் மென்மையாக இருக்கவேண்டும். நேரம் கடந்து அடிக்கும் அடி எதற்காக என்று குதிரைக்குப் புரியாது. தடையருகே வந்தால் நோவு உண்டு என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். கோபத்தால் சவுக்கை வீசுவதையும், நீக்கப்பட்ட பின் அடிப்பதையும் சர்வதேச விதிகளே தடை செய்கின்றன. இரண்டாம் முறையும் நடுக்கம் தெரிந்தால், கையை உயர்த்தி விலகிக்கொள்வது இழிவன்று.

உண்மையான சிகிச்சை லாயத்துக்குத் திரும்பிய பின்னரே தொடங்குகிறது. தரையில் கிடத்திய கட்டைகளைத் துள்ளுநடையில் கடக்கச் செய்க. அடுத்து, இரு கட்டைகளைக் குறுக்காக வைத்த முழங்காலளவுத் தடை. தடையின் அடியில் ஒரு கட்டையைத் தரையில் வைத்தால் எழும்பும் இடத்தைக் குதிரை எளிதில் கண்டுகொள்ளும். துணிவுள்ள மூத்த குதிரை ஒன்றை முன்னே விட்டு இதனைப் பின்தொடரச் செய்வதும் பயன் தரும். துணி, பலகை, பூந்தொட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்குக. நன்றாகத் தாண்டியதும் கழுத்தைத் தட்டிக்கொடுத்து அன்றைய பாடத்தை முடித்துவிடுக. உயரத்தை ஏற்றுவதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். குதிரையின் காதுகளையும் நடையையும் பார்த்தால் போதும்.

இதன் அருமையை டோக்கியோவில் நடந்த இரு நிகழ்ச்சிகள் விளக்கும். நவீன ஐந்துநிலைப் போட்டியில், முன்பின் அறியாத குதிரையைச் சீட்டுக் குலுக்கலில் பெற்று, 20 நிமிஷப் பழக்கத்தோடு தடை தாண்ட வேண்டியிருந்தது. முதலிடத்தில் இருந்த ஜெர்மானிய வீராங்கனை அன்னிகா ஷ்லாய்க்குக் கிடைத்த செயின்ட் பாய் என்னும் குதிரை மீண்டும் மீண்டும் மறுத்தது. அவர் கண்ணீர் விட்டார், சவுக்கும் வீசப்பட்டது, பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதற்காக நீக்கப்பட்டார், வீராங்கனை 31-ஆம் இடத்துக்கு இறங்கினார். இதன் விளைவாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே அகற்றப்பட்டது. அதே டோக்கியோவில் மும்முனைக் குதிரையேற்றப் போட்டியில் நம் நாட்டின் பெங்களூர் வீரர் புவாத் மிர்சா 23-ஆம் இடம் பெற்றார். அவர் ஏறிய செனியோர் மெடிகாட், 2018 ஆசிய விளையாட்டில் அவருக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த அதே குதிரை.

இருபது நிமிஷத்தில் ஏற்படாத நம்பிக்கை ஆண்டுகளில் ஏற்படுகிறது. ஆதலின் உங்கள் பிள்ளை குதிரை நின்றுவிட்டதென்று வாடிய முகத்தோடு வீடு திரும்பினால், எத்தனை புள்ளி போயிற்று என்று கேட்பதற்கு முன், குதிரைக்கு எங்கே நோகிறது என்று பார்த்தாயா எனக் கேளுங்கள்.